முளையும் விளைச்சலும்: அயர்லாந்தின் இளையோர் ரக்பி

அயர்லாந்தில் ஒரு ரக்பி வீரர் உருவாகும் காலம் ஏறத்தாழ 13 வயதில் தொடங்கி 22 வயதில் முடிகிறது. பள்ளி அணி, ஊர்க் கிளப், மாகாண இளையோர் அணி, 18, 19, 20 வயதுக்குட்பட்ட தேசிய அணிகள், மாகாண அகாடமி என்று இந்தப் பத்தாண்டுக்குள் அவர் பல வாசல்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் பலர் நின்றுவிடுகிறார்கள். உள்ளே போனவர்களிலும் எல்லோரும் கடைசி வாசலை எட்டுவதில்லை. இவர்களில் நாளைய தேசிய அணிக்குரியவர் யார் என்பது பயிற்சியாளர்களும் தேர்வாளர்களும் பெற்றோரும் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கடந்த கால் நூற்றாண்டின் அனுபவம் என்ன விடை தருகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் களத்தின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்து ரக்பி சங்கம் 1879இல் உருவானது. பின்னர் தீவு அரசியலால் இரண்டாகப் பிரிந்தபோதும் ரக்பி பிரியவில்லை. அயர்லாந்துக் குடியரசும் வட அயர்லாந்தும் இன்றும் ஒரே தேசிய அணியாகவே ஆடுகின்றன. லென்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் என்னும் நான்கு மாகாணங்களுக்கும் ஒவ்வொரு தொழில்முறை அணி உண்டு. தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 70 இலட்சம். அந்தச் சிறு கூட்டத்திலும் உடல்வலுவும் ஓட்டமும் உள்ள பிள்ளைகளை அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களான கேலிக் கால்பந்தும், ஹர்லிங்கும், உலகக் கால்பந்தும் தத்தம் பக்கம் இழுக்கின்றன. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் உள்ள ஆள்பலம் அயர்லாந்துக்குக் கிடையாது. ஒரு திறமைசாலியைத் தவறவிட்டால் அவர் இடத்தில் நிறுத்த இன்னொருவர் வரிசையில் காத்திருப்பதில்லை. அயர்லாந்து தன் இளையோர் ஆட்டத்தில் இவ்வளவு கவனம் செலுத்துவதன் காரணம் இதுதான்.

இளையோர் ரக்பியின் பழைய அடித்தளம் பள்ளிக்கூடங்கள். அல்ஸ்டர் பள்ளிகள் கோப்பை 1876இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய ரக்பிப் போட்டிகளுள் அதுவும் ஒன்று. லென்ஸ்டர் பள்ளிகள் மூத்தோர் கோப்பை 1887இலும், மன்ஸ்டர் கோப்பை 1909இலும் தொடங்கின. அல்ஸ்டர் இறுதியாட்டம் புனித பாட்ரிக் திருநாளான மார்ச் 17 அன்று பெல்ஃபாஸ்ட்டில் நடப்பது மரபு. டப்ளினின் பிளாக்ராக் கல்லூரி லென்ஸ்டர் கோப்பையை 65 முறைக்கு மேல் வென்றிருக்கிறது. பெல்ஃபாஸ்ட்டின் மெதடிஸ்ட் கல்லூரி, கார்க் நகரின் பிரசென்டேஷன் பிரதர்ஸ் கல்லூரி ஆகியவற்றுக்கும் தலைமுறைகளாகத் தொடரும் பெயர் உண்டு.

இந்தக் கோப்பைகளில் தோற்ற அணி அன்றோடு வெளியேறும். பதினேழு வயதுப் பையன் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஆடுகிறான்; ஒரு தவறு அணியின் பருவத்தையே முடித்துவிடக்கூடும். 2002 லென்ஸ்டர் இறுதியாட்டத்தில் செயின்ட் மேரிஸ் கல்லூரியின் வெற்றிக்கு உதவிய ட்ராப் கோலை அடித்தவர் ஜானி செக்ஸ்டன். பின்னாளில் அயர்லாந்தின் தலைவரானதும் அவரே. நெருக்கடியில் நிதானம் காட்டும் பழக்கம் இந்த ஆட்டங்களில்தான் பலருக்கு வாய்க்கிறது. பெரிய பள்ளிகளில் உடற்பயிற்சிக் கூடம், உணவுத் திட்டம், முழுநேரப் பயிற்சியாளர்கள் என எல்லா வசதிகளும் இருக்கின்றன. அகாடமிக்குள் நுழையும் முன்பே ஒரு மாணவர் பாதித் தொழில்முறை வாழ்க்கையைப் பழகிவிடுகிறார்.

அந்தப் பள்ளிகளுள் பல கட்டணம் வாங்குபவை. அவற்றின் வாசலுக்கே வராத பிள்ளைகளுக்குக் கிளப் வழி இருக்கிறது. ஊர்க் கிளப்புகளில் சிறுவர் அணி, இளையோர் அணி என்று படிகள் உண்டு. லென்ஸ்டர் மாகாணம் தன் நிலப்பரப்பைப் பகுதிகளாகப் பிரித்து, ஷேன் ஹோர்கன் கோப்பை என்ற பகுதி அணிகளின் போட்டி மூலம் கிளப் பிள்ளைகளைத் தேடிப் பார்க்கிறது. இந்த வழியில் வந்தவர்களில் இருவரைச் சொன்னாலே அதன் மதிப்பு விளங்கும். கார்லோ மாவட்டத்தின் டல்லோ என்ற சிற்றூரைச் சேர்ந்த ஷான் ஓபிரையன் 2011இல் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்வானார். வெக்ஸ்ஃபர்ட் மாவட்ட விவசாயக் குடும்பத்தில் பிறந்த டைக் ஃபர்லாங், நியூ ராஸ் கிளப்பில் ஆடத் தொடங்கி உலகின் முன்னணி ப்ராப் ஆட்டக்காரர்களில் ஒருவரானார். இரு அணி முன்வீரர்களும் தோள் பிணைத்துத் தள்ளும் ஸ்க்ரமில் எதிரணியின் முழு எடையையும் தாங்கும் இடம் அது.

வளரும் உடலுக்கு ஏற்ப ஆட்டவிதிகளும் மாறுகின்றன. 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரமை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது. கழுத்தையும் முதுகெலும்பையும் காப்பதற்கான விதி இது. தலையில் அடிபட்டால் பெரியவர்களைவிட இளையோர் கூடுதல் நாட்கள் ஓய்வெடுக்க வேண்டும். வட அயர்லாந்தில் 2011இல் 14 வயது மாணவர் ஒருவர் பள்ளி ஆட்டத்தில் தலைக்காயத்துக்குப் பிறகும் தொடர்ந்து ஆடி உயிரிழந்தார். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்ததே காரணம் என்று 2013இல் விசாரணையில் தெரியவந்தது. அதன்பின் ஐயம் வந்தால் ஆளை வெளியே உட்கார வைப்பது என்ற முறை பள்ளிகளில் வேரூன்றியது. நம்பிக்கை தரும் இளம் வீரர் என்று யாரைப் பற்றிப் பேசினாலும், அவர் இன்னும் வளர்ந்து முடியாத உடலுள்ள ஒரு பிள்ளை என்பதே முதல் உண்மை.

பள்ளி முடிந்ததும் திறமையுள்ளவர்கள் மாகாண அகாடமிக்குச் செல்கிறார்கள். அங்கே வழக்கமாக மூன்று ஆண்டுகள் பயிற்சி. கூடவே பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். 1990இல் தொடங்கிய அனைத்து அயர்லாந்து லீக்கில் தங்கள் கிளப்புக்காகவும் ஆடுகிறார்கள். பள்ளியில் தன்னைவிட எடை குறைந்தவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடியவர், அங்கே முப்பது வயது அனுபவசாலியை எதிர்கொள்கிறார். உடல்பலத்தால் மட்டும் மின்னியவர்களும் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் தனித்தனியே தெரிவது அந்த இடத்தில்தான். இந்த மூன்று ஆண்டுகளுக்கு நடுவே வருகிறது 20 வயதுக்குட்பட்டோர் தேசிய அணி. ஐரோப்பிய அணிகள் மோதும், ஐந்து ஆட்டங்கள் கொண்ட ஆறு நாடுகள் தொடர், பிறகு உலகக் கோப்பை என்று ஆண்டுக்கு இரண்டு பெரிய சோதனைகள் அந்த அணிக்கு உண்டு. ஐந்து ஆட்டங்களையும் வெல்வதற்குக் கிராண்ட் ஸ்லாம் என்று பெயர்.

இளையோர் வெற்றி முதன்மை அணியின் வெற்றியாகக் கனிந்ததற்கு முதல் பெரிய சான்று 1998. பிரான்ஸில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் அயர்லாந்து பிரான்ஸை 18-0 என்று வென்றது. பயிற்சியாளர் டெக்லன் கிட்னி. அணியில் பிரையன் ஓட்ரிஸ்கால், டொனகா ஓகாலகன், பாடி வாலஸ் ஆகியோர் இருந்தனர். அடுத்த ஆண்டே, 1999 ஜூனில், ஓட்ரிஸ்கால் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதன்மை அணியில் ஆடினார். 2009 மார்ச்சில் கார்டிஃப் நகரில் வேல்ஸை 17-15 என்று வென்று அயர்லாந்து 61 ஆண்டுகளுக்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் பெற்றது. அப்போதும் பயிற்சியாளர் கிட்னி, தலைவர் ஓட்ரிஸ்கால், ஓகாலகனும் வாலஸும் அணியில் இருந்தனர். 19 வயதில் ஒன்றாக வென்றவர்கள் 30 வயதை நெருங்கும்போது மீண்டும் ஒன்றாக வென்றார்கள். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே 11 ஆண்டுகள் கழிந்திருந்தன.

2004இல் 21 வயதுக்குட்பட்டோர் அணி உலகப் போட்டியின் இறுதிவரை சென்று நியூசிலாந்திடம் தோற்றது. அந்த அணியின் ஜேமி ஹீஸ்லிப் 2009 வெற்றியில் எட்டாம் எண் ஆட்டக்காரர். 2007இல் 20 வயதுக்குட்பட்டோர் அணி முதன்முறையாக ஆறு நாடுகள் கிராண்ட் ஸ்லாமை வென்றது. அதில் கீத் ஏர்ல்ஸும் சியன் ஹீலியும் ஆடினர். ஏர்ல்ஸ் நூறு சர்வதேச ஆட்டங்களைக் கடந்தார். ஹீலி 2024இல் ஓட்ரிஸ்காலின் 133 ஆட்டச் சாதனையைத் தாண்டி, அயர்லாந்துக்காக மிக அதிக முறை ஆடியவரானார்.

2016 தனியே நின்று பார்க்க வேண்டிய ஆண்டு. அந்த ஜூனில் மான்செஸ்டர் நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நைஜல் கேரலன் பயிற்றுவித்த அணி நியூசிலாந்தை 33-24 என்று வென்றது. இந்த வயது நிலையில் நியூசிலாந்துக்கு எதிராக அயர்லாந்து பெற்ற முதல் வெற்றி அது. அரையிறுதியில் அர்ஜென்டினாவை 37-7 என்று வென்று, இறுதியில் இங்கிலாந்திடம் 45-21 என்று தோற்றது. ஐந்து மாதங்கள் கழித்து சிகாகோ நகரில் முதன்மை அணியும் வரலாற்றில் முதன்முறையாக நியூசிலாந்தை வீழ்த்தியது. கறுப்புச் சட்டைக்காரர்களை வெல்ல முடியாது என்ற பழைய எண்ணம் ஒரே ஆண்டில் இரண்டு நிலைகளில் உடைந்தது.

அந்த இளையோர் அணியின் தலைவர் ஜேம்ஸ் ரயன். 2017 ஜூனில், லென்ஸ்டர் முதன்மை அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, அவர் அமெரிக்காவுக்கு எதிராக அயர்லாந்துக்கு ஆடி, களம் புகுந்த சற்று நேரத்தில், எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றும் ட்ரை ஒன்றை அடித்தார். அதே அணியின் ஜேக்கப் ஸ்டாக்டேல் 2018 ஆறு நாடுகள் தொடரில் ஏழு ட்ரை அடித்து, அந்த ஆண்டின் கிராண்ட் ஸ்லாம் வெற்றியில் தொடரின் சிறந்த வீரரானார். ஆண்ட்ரூ போர்ட்டரின் கதை வேறு. இளையோர் அணியில் ஸ்க்ரமின் இடப்பக்க ப்ராப்பாக இருந்தவரை வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் தோளின் கோணமும் பிடியும் எதிராளி தரும் அழுத்தமும் வேறு. ஏறக்குறையப் புதுத் தொழிலையே கற்பதற்குச் சமம். அதைக் கற்றுத் தேசிய அணிக்கு வந்த போர்ட்டர், 2021இல் மறுபடி இடப்பக்கத்துக்கே திரும்பி அங்கே நிலைத்தார்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. அதே 2016 அணி இந்தப் பழமொழிக்கு ஒரு திருத்தமும் சொல்கிறது. உலகக் கோப்பையின் சிறந்த வீரராகத் தேர்வானவர் மேக்ஸ் டீகன். அவர் லென்ஸ்டருக்காகப் பல ஆண்டுகள் உழைத்து ஆடினார். ஆனால் தேசிய அணியில் முதல் வாய்ப்பு 2020 பிப்ரவரியில்தான் கிடைத்தது, அதன்பின்னும் அவருக்கு வந்த ஆட்டங்கள் சிலவே. அதே அணியில் அப்போது பெரிதாகப் பேசப்படாத ஒருவர் ஹ்யூகோ கீனன். அவர் எழுவர் ரக்பி அணியில் சேர்ந்து நாடு நாடாகச் சுற்றி ஆடினார். பரந்த வெளியில் தனியாளாக எதிரியைப் பிடிப்பதையும் உயரப் பந்தை எடுப்பதையும் அங்கே பழகிக்கொண்டு, 2020 அக்டோபரில் இத்தாலிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு ட்ரை அடித்தார். அதற்குப்பின் பல ஆண்டுகள் அயர்லாந்தின் கடைசிக் காவலரான ஃபுல்-பேக் என்றால் அவர் பெயரே முதலில் வந்தது. டீகனுக்குத் திறமை குறைவில்லை. அவருடைய இடத்தில் கேலன் டோரிஸ் போன்றவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஆகவே 20 வயதுப் பட்டம் ஒருவர் அன்று எங்கே நிற்கிறார் என்பதைத்தான் காட்டும். அவர் எவ்வளவு தூரம் போவார் என்பதை அது சொல்லாது.

டோரிஸே இதற்கு மறுபக்கச் சான்று. மேயோ மாவட்டத்திலிருந்து பிளாக்ராக் கல்லூரிக்கு வந்து படித்த அவர், 2018இல் 20 வயதுக்குட்பட்டோர் அணித் தலைவர். அந்த அணி உலகக் கோப்பையில் 11ஆம் இடத்தில் முடிந்தது. கடைசி ஆட்டத்தில் ஜப்பானை வென்றதால்தான் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. முடிவுகளை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தோற்ற தலைமுறை என்று எழுதியிருக்கலாம். ஆனால் அந்த அணியின் தலைவர் இரண்டு ஆண்டுகளுக்குள் தேசிய முதன்மை அணிக்கு வந்தார். பின்னர் அதற்கும் தலைவரானார். தோல்வியடைந்த அணிக்குள்ளும் பெரிய வீரர் இருப்பார் என்று தெரிந்த தேர்வாளரே நல்ல தேர்வாளர்.

2019 முதல் 2023 வரையிலான ஆண்டுகள் இளையோர் ரக்பியின் பொற்காலம் எனலாம். நோயல் மெக்னமாரா பயிற்றுவித்த 2019 அணி கிராண்ட் ஸ்லாம் வென்றது. கிரெய்க் கேசி, ரயன் பேர்ட், ஹாரி பர்ன் ஆகியோர் அதிலிருந்து முதன்மை அணிக்கு வந்தவர்கள். 2020 அணி முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்த நிலையில் பெருந்தொற்று தொடரை நிறுத்திவிட்டது. ஜாக் க்ரௌலி அந்த அணிக்காரர். 2022இல் ரிச்சி மர்ஃபி பயிற்சியில் ரூபன் க்ரோதர்ஸ் தலைமையேற்ற அணி பிரான்ஸை அதன் மண்ணிலேயே 17-16 என்று வென்று மீண்டும் கிராண்ட் ஸ்லாமை எட்டியது. அந்த அணியின் பாட்ரிக் கேம்பல் ரக்பிக்கு முன் கார்க் மாவட்ட இளையோர் கேலிக் கால்பந்து அணியில் ஆடி அனைத்து அயர்லாந்துப் பட்டம் வென்றவர். உயரத்தில் வரும் பந்தைத் தாவிப் பிடிக்கும் கேலிக் கால்பந்துப் பழக்கம் ரக்பிக்கு அப்படியே பயன்படுகிறது. ஆள் இழுக்கும் அந்த ஆட்டங்கள் கைமாற்றாக ஒரு திறனைத் தரவும் செய்கின்றன.

2023 மார்ச் 18 அன்று டப்ளினில் முதன்மை அணி இங்கிலாந்தை 29-16 என்று வென்று கிராண்ட் ஸ்லாம் பெற்றது. மறுநாள் கார்க் நகரின் மஸ்கிரேவ் பூங்காவில் 20 வயதுக்குட்பட்டோர் அணியும் இங்கிலாந்தை 36-24 என்று வென்று, தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக அதே பெருமையைப் பெற்றது. ஹூக்கர் கஸ் மெக்கார்த்தி தலைவர். சாம் பிரெண்டர்காஸ்ட் ஃப்ளை-ஹாஃப். அந்தக் கோடையில் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் இந்த அணி போட்டியை நடத்திய நாட்டையே அரையிறுதியில் 31-12 என்று வென்றது. கேப் டவுன் இறுதியாட்டத்தில் பிரான்ஸ் 50-14 என்று நசுக்கியது. அயர்லாந்து இந்த உலகக் கோப்பையை இதுவரை வென்றதில்லை. 2016, 2023 ஆகிய இரண்டு இறுதியாட்டங்களே அதன் உச்சம்.

பிரெண்டர்காஸ்ட் கில்டேர் மாவட்டத்துக்காரர்; நியூபிரிட்ஜ் கல்லூரியில் படித்தவர்; அண்ணன் சியன் கொனாக்ட் வீரர். ஃப்ளை-ஹாஃப் என்பவர் அணியின் திசையைத் தீர்மானிப்பவர். எப்போது உதைப்பது, எப்போது பந்தைக் கைமாற்றுவது என்ற முடிவுகள் அவருடையவை. செக்ஸ்டன் ஓய்வு பெற்றபின் அந்தச் சட்டைக்கு க்ரௌலியும் பிரெண்டர்காஸ்ட்டும் போட்டியிட்டார்கள். 2024 நவம்பரில் பிஜிக்கு எதிராக பிரெண்டர்காஸ்ட் முதன்முறையாகத் தொடக்க அணியில் இறங்கினார். மெக்கார்த்தியும் அதே நாளில் அறிமுகமானார். இருபத்தொரு வயதில் ஒரு நாட்டின் எதிர்பார்ப்பைச் சுமப்பது எளிதன்று. பாராட்டும் கண்டனமும் வாரந்தோறும் மாறி மாறி வந்தன. இளம் வீரருக்குத் தேவை அளவான புகழும் நீளமான பொறுமையும் என்பதை அந்தப் பருவம் காட்டியது.

2024இல் வில்லி ஃபலூன் பயிற்றுவித்த இளையோர் அணி ஆறு நாடுகள் தொடரில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இங்கிலாந்துடன் 32-32 என்று சமன் செய்ததால் இரண்டாம் இடமே கிடைத்தது. அதன் தலைவர் எவன் ஓகானல், அயர்லாந்தின் புகழ்பெற்ற வீரர் பால் ஓகானலின் சகோதரர் மகன். 2025 அணிக்கு வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். இத்தகைய ஏற்றஇறக்கம் இயல்பானது. ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு வயதுத் தொகுதி இன்னொன்றைப் போல அமையாது.

பெண்கள் ஆட்டத்தில் இந்தப் படிகள் அண்மைக்காலத்தில்தான் கட்டப்படுகின்றன. முன்பு பலர் வேறு விளையாட்டுகளை ஆடி முடித்து, வயது கடந்தபின் ரக்பிக்கு வந்தார்கள். கால்வே மாவட்டம் பாலினஸ்லோ ஊரைச் சேர்ந்த பெவின் பார்சன்ஸ் 2018 நவம்பரில் 16 வயதிலேயே அமெரிக்காவுக்கு எதிராக முதன்மை அணியில் ஆடி, அயர்லாந்தின் மிக இளைய சர்வதேச வீராங்கனையானார். அத்தகைய திறமை தானாகக் கண்ணில் படும். அவரைவிட மெதுவாக வளரும் பெண்ணுக்கோ படிகள் வேண்டும். 2024இல் தொடங்கிய 20 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆறு நாடுகள் கோடைத் தொடர் அப்படிப்பட்ட ஒரு படி.

இந்த அமைப்பில் திருத்த வேண்டிய குறைகள் இரண்டு. முதலாவது சமமின்மை. டப்ளினின் சில பள்ளிகளே லென்ஸ்டர் அகாடமியின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. தேசிய அணியிலும் லென்ஸ்டரின் ஆதிக்கம் மிகுதி. ஓபிரையனும் ஃபர்லாங்கும் கிளப் வழியிலேயே வந்தார்கள் என்பதால் அந்த வழிக்குச் செலவிடும் பணம் வீணாகாது. இரண்டாவது, பின்தங்கி மலர்பவர்களுக்கான இடம். 2025இல் அயர்லாந்து ரக்பி சங்கம் ஆண்கள் எழுவர் ரக்பித் திட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. கீனனை உருவாக்கிய பாதை அதனால் அடைபட்டது. இருபது வயதில் தேர்வாகாத ஒருவருக்கு இரண்டாவது வாய்ப்பு எங்கே என்ற கேள்வி இப்போது கூர்மையடைந்திருக்கிறது.

நம்பிக்கை தரும் இளம் வீரரை அடையாளம் காண அனுபவம் சில அளவுகோல்களைத் தருகிறது. எடையும் வேகமும் கண்ணுக்கு முதலில் தெரிபவை. மற்றவர்கள் வளர்ந்து ஈடுகொடுக்கும்போது அவற்றின் மேன்மை கரையும். தவறு செய்த அடுத்த நிமிடத்தில் என்ன செய்கிறார், பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்கிறார், புதிய இடத்துக்கு மாற்றினால் கற்றுக்கொள்கிறாரா, காயத்திலிருந்து அவசரமின்றித் திரும்புகிறாரா என்பவை நிலைத்து நிற்பவை. ஆடும் இடத்தைப் பொறுத்தும் காலம் மாறும். சிறகோரத்தில் ஓடுபவர் 20 வயதில் தயாராகலாம். ப்ராப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். ஃபர்லாங்கே 22 வயதில்தான் முதன்மை அணிக்கு வந்தார்.

1998 முதல் இன்றுவரையிலான அனுபவம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. கோப்பை வென்ற அணிகளிலிருந்தும் பெரிய வீரர்கள் வந்தார்கள்; கீழ்ப்பிரிவின் விளிம்பில் தப்பிய அணியிலிருந்தும் ஒரு தேசியத் தலைவர் வந்தார். இரு சாராருக்கும் பொதுவானது அவர்களுக்குக் கிடைத்த நல்ல பயிற்சியும், போதிய ஆட்டங்களும், அவசரப்படுத்தாத காலமும். அயர்லாந்து போன்ற சிறு நாடு உலகின் முன்வரிசையில் நிற்க வேண்டுமானால், 19 வயதில் வென்றவரைக் கொண்டாடுவதோடு 19 வயதில் தவறிப்போனவரையும் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும்.